மேற்கு பிளாக்கின் அரை விரல்

கீரணத்தம் போகிற வழியில் இருக்கும் மயூரா கார்டன்ஸ் குடியிருப்பின் மேற்கு பிளாக்கில், எந்த வீட்டுக்கு மருமகள் வந்தாலும், எந்த வீட்டுக்குப் பிறந்த குழந்தை வந்து சேர்ந்தாலும், அந்த பிளாக்கின் இருபத்து நாலு வீட்டு ஹாலும் ஒன்றுபோல அரை விரல் நீண்டுவிடும். எந்த வீட்டிலிருந்து யார் போனாலும் அதே அரை விரல் எல்லா வீட்டிலும் குறைந்துவிடும். குடிவந்த முதல் வருஷம் இதற்காக ஆளாளுக்குப் பதறினார்கள். பில்டர் அனுப்பிய இன்ஜினியர் வெளியே டேப் வைத்து அளந்தார், சரியாக இருந்தது. உள்ளே அளந்தார், கூடுதலாக இருந்தது. மறுபடி வெளியே போய் அளந்து பார்த்துவிட்டு, தரைத்தளத்து ஃபிலோமினா சிஸ்டர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டாம் வருஷத்தில் டிவி ஒயரைத் தளர்த்தி விட்டு அடிப்பது, ஷெல்ஃபைச் சுவருக்குச் சுவர் போடாமல் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவது என்று எல்லாரும் பழகிவிட்டார்கள். மனுஷனுக்குப் பழகாதது என்ன இருக்கிறது.

இதற்குக் காரணம் யார் என்பதும் பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். தரைத்தளத்தில், ஃபிலோமினா சிஸ்டருக்கு எதிர்வீட்டில், தம்பி முகிலனோடு குடியிருக்கும் சுகந்திதான். பீளமேட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. கட்டப்போகிற கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் முன்கூட்டியே முழுசாகக் கட்டி வைக்கிற வேலை. பிம் என்பார்கள். வெறுமனே கோடு போடுவதில்லை. அதில் ஒரு கதவை வைத்தால், தான் கதவு என்று அதற்குத் தெரியும். தன் அகலம், உயரம், எத்தனை நேரம் தீயைத் தாங்கும் என்பதெல்லாம் தெரியும். மென்பொருளில் இருக்கிற விவரங்கள் போதாதபோது, வேலை செய்கிறவர்களே புதிதாக ஒரு விவரத்தை உண்டாக்கி அந்தப் பொருளோடு கட்டிவிடலாம். அதற்குக் கஸ்டம் பாராமீட்டர் என்று பேர். அப்படி அவள் ஒவ்வொரு வீட்டோடும் கட்டிய விவரம்தான் 'வீட்டு ஆள்'. தண்ணீர், காற்றோட்டக் கணக்குக்காக ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று போட வேண்டியிருந்தது. போட்டதோடு நிற்காமல், ஆளுக்கு ஒரு சாண் ஹால் நீளட்டும், எப்படி வருகிறதென்று பார்ப்போம் என்று ஒரு சூத்திரத்தையும் எழுதிச் சேர்த்தாள்.

அந்த விவரத்தை உண்டாக்கும்போது பெட்டி ஒன்று திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்கும்: டைப்பா, இன்ஸ்டன்ஸா? இன்ஸ்டன்ஸ் என்றால் அந்தந்த வீட்டுக்கு அதனதன் எண். டைப் என்றால் அந்த வகை வீடு அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண். ஓரிடத்தில் மாறினால் எல்லா இடத்திலும் மாறும். அன்றைக்கு முகிலனுக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். சுகந்தி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் டைப் என்பதை அழுத்திவிட்டாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கட்டடம் எழுந்து, ஜனங்கள் குடிவந்து, பால் காய்ச்சிய பிறகு கட்டடம் கண்டுபிடித்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே எண்தான் இருக்க முடியும் என்பதால், அது மேற்கு பிளாக்கின் ஆட்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, ஆளுக்கொரு சாண் வைத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கு போட்டுக்கொண்டது. வீட்டுக்கு நாலு சாண் வந்தது. ஒரு ஆள் கூடினால் அவர் சாண் இருபத்து நாலாகப் பிரிந்து, ஒவ்வொரு ஹாலுக்கும் அரை விரலாகப் போய்ச் சேர்ந்தது.

அரை விரல்தானே என்று யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் மாடியில் கல்யாணமாகி வந்த ஜோடியிடம், பெற்றவர்கள் கேட்பதற்கு முன்பே லிஃப்டில் ஏறுகிற எல்லாரும் "ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்று கேட்டார்கள். இரண்டாம் மாடியில் ரிடையரான போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருமினால், முதல் மாடியிலிருந்து கஷாயமும், மூன்றாம் மாடியிலிருந்து தேனும், எதிர்வீட்டிலிருந்து நெபுலைசரும் வந்து இறங்கும். மனுஷன் நிம்மதியாக ஒரு தும்மல்கூடப் போட முடியாமல் தவித்தார். காலையில் எழுந்ததும் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் புது இடைவெளி தெரிந்தால், யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் மாடி மாடியாக விசாரித்து, சர்க்கரைப் பொட்டலமும் பழமுமாகப் போய் நிற்பார்கள். சுயநலத்தில் ஆரம்பித்த விசாரிப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தினம் விசாரித்து விசாரித்து, அதில் சுயநலம் எது, பிரியம் எது என்று அவர்களுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிற்று.

அந்தப் போஸ்ட்மாஸ்டர் ஒரு ஆனி மாதத்தில் காலமானார். எல்லாரும் அழுதார்கள், எடுத்துப் போனார்கள், திரும்பி வந்து குளித்துவிட்டு அவரவர் சோபாவைப் பார்த்தார்கள். ஒரு நூல்கூடக் குறையவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம், அவர் மனைவி, அதுவரை தினம் படையல் போட்டுவந்த, அவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்து, பரண்மேல் ஏற்றி வைத்தார். அந்த நிமிஷம் இருபத்து நாலு வீட்டிலும் சோபாக்கள் சுவரில் உரசின. கட்டடம் ஆளை எண்ணவில்லை, தட்டை எண்ணுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்கப்புறம் ஒருவர் புதுசாகப் பத்துத் தட்டு வாங்கி, இல்லாத ஆட்களின் பெயரை வெட்டி அடுக்கிப் பார்த்தார். ஒருவரும் உண்ணாத தட்டைச் சுவர் சட்டை செய்யவில்லை. ஒரே ஆள் இரண்டு தட்டு வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான் கணக்கில் வந்தது. கைக்குழந்தை என்றால் மட்டும் பால் புகட்டுகிற பாலாடை போதும், அதில் பெயர்கூட வேண்டியதில்லை. சுவர் அவ்வளவு கறார் இல்லை.

சுகந்திக்கு இந்தச் சமப் பங்கில் இன்னொரு கணக்கும் இருந்தது. முகிலன் சக்கர நாற்காலியில் இருக்கிறவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவிநாசி ரோட்டில் ஒரு லாரி பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்து அவன் பைக்கை இடித்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஹாலில் ஒரு பக்கம் அவன் கட்டில். இன்னொரு பக்கம் மேஜை போட்டு மொபைல் ரிப்பேர் செய்கிறான். சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஐந்தடி வேண்டும் என்பது சுகந்திக்கு வேலையில் மனப்பாடமான அளவு. கட்டிலும் மேஜையும் போக, பிளாக்கின் பங்கில் வந்த நாலு சாணையும் சேர்த்தால் அந்த ஐந்தடி இருந்தது. அவர்கள் இரண்டே பேர்; அவர்கள் தட்டுக்கு வந்திருக்க வேண்டியது இரண்டே சாண். மீதி இரண்டு சாண் கொடுத்த பிறத்தியார் வீட்டுத் தட்டுகளின் தயவில்தான் முகிலன் மேஜையிலிருந்து திரும்பி, வாசலில் வந்து நிற்கிறவர்களை முகத்துக்கு முகம் பார்த்து, "வாங்க, என்ன போனுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இதை நினைக்கும்போதெல்லாம் சுகந்திக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், திருடின பொருளை அனுபவிக்கிற மாதிரி கூச்சமாகவும் இருக்கும்.

வினை கிழக்கு பிளாக்கிலிருந்து வந்தது. அந்த பிளாக்கைக் கம்ப்யூட்டரில் செய்தவன் சுகந்திக்குப் பக்கத்து சீட்டுக்காரன். அவன் அவளுடைய சூத்திரத்தையே எடுத்துப் போட்டு, நிதானமாக இன்ஸ்டன்ஸ் என்று சரியாக அழுத்தியிருந்தான். அங்கே அவரவர் தட்டுக்கு அவரவர் ஹால். மேற்கு பிளாக் மூன்றாம் மாடி லோகநாதனின் மைத்துனர் கிழக்கில்தான் இருந்தார். ஏழு பேர் குடும்பம், ஏழு சாண் நீண்ட ஹாலில் பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை போட்டு, லோகநாதனைக் கூப்பிட்டு அதில் உட்கார வைத்துப் பிரியாணி போட்டார். லோகநாதன் வீட்டில் ஒன்பது பேர். பிரியாணி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்த சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து சுகந்தியைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்கம்மிணி, எங்கூட்டுல ஒம்பது தட்டு. ஒம்பது சாண் வரோணும், நாலுதான் வருது. மீதி அஞ்சு சாண் எங்க போச்சுங்க? நான் ஆரையும் கொறை சொல்லுல. தப்புன்னு தெரிஞ்சா சரி பண்றதுதானுங்க மொறை."

அவர் பேச்சில் தப்பில்லை. லோகநாதன் கெட்டவரும் இல்லை. போஸ்ட்மாஸ்டருக்குத் தேன் கொண்டுபோனதே அவர் வீடுதான். பெரிய குடும்பத்துக்காரர்கள் கையைத் தூக்கினார்கள். சின்னக் குடும்பத்துக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஃபிலோமினா சிஸ்டர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சுகந்தியும் கையைத் தூக்கினாள். என் வேலையில் வந்த தப்பு, இதற்கு நானே கை தூக்காவிட்டால் எப்படி என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தவள் முகிலனிடம் நேராகச் சொல்ல முடியாமல் அடுப்படியில் நின்று சொன்னாள்.

"ரெண்டு சாண் போயிரும்டா."

"போனாப் போகுதுக்கா. நாளைக்கு லிஃப்டுகிட்ட அவிய மூஞ்சியப் பாக்கோணுமில்ல."

"நீ எப்படித் திரும்புவே?"

"திரும்பாட்டி என்ன, ரிவர்ஸ்ல வாரேன். அந்த லாரிக்காரன் மாதிரி இல்ல, நான் பின்னாடி பாத்துத்தான் வருவேன்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஆபீசில் அந்தப் பழைய மாடலைத் திறந்து, பெட்டியைத் திறந்து, டைப்பில் இருந்த புள்ளியை இன்ஸ்டன்சுக்கு மாற்றி, ஓகே கொடுத்தாள். இவ்வளவு பெரிய கட்டடத்தில் இவ்வளவு பேர் வாழ்க்கை இவ்வளவு சின்னப் புள்ளியில் உட்கார்ந்திருந்ததா என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது. சேவ் செய்தாள். மேற்கு பிளாக்கில் அந்த நேரம் சில வீட்டுச் சுவர்கள் விலகின, சில வீட்டுச் சுவர்கள் நெருங்கின. முகிலன் முன்னெச்சரிக்கையாகக் கட்டிலைச் சுவரோரம் ஒட்டித் தள்ளிவிட்டு, நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர் வந்து நிற்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து மேற்கு பிளாக் கிழக்கு பிளாக் மாதிரி ஆயிற்று. யார் வீட்டுக்கு யார் வந்தாலும் அடுத்த வீட்டுச் சோபா அசைவதில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். மூன்றாம் மாடி இளம் ஜோடியை யாரும் விசேஷமா என்று கேட்கவில்லை. முதலில் அவர்களுக்கு அப்பாடா என்றிருந்தது, பிறகு அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே நாள் தள்ளிப்போனபோது யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. முகிலன் மேஜைக்கு முன்னால் போவான், வேலை முடிந்ததும் பின்னாலேயே வருவான். ரிப்பேருக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றால் முதலில் அவன் பின்மண்டைதான் அவர்களை நோக்கி வரும். கழுத்தை ஒடித்துத் திரும்பி, "வாங்க" என்பான். சிலர் அவன் ஏதோ கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். சாயங்காலம் கழுத்து வலிக்கிறது என்று அவன் சொல்வதில்லை. தைலத்தின் வாசனை சொல்லிவிடும். சுகந்தி அந்த வாசனையோடு சமைத்தாள், அந்த வாசனையோடு படுத்தாள்.

ஒரு நாள் காலையில் எதிர்வீட்டு ஃபிலோமினா சிஸ்டர் தன் தட்டோடு வந்தார். பழைய தட்டு, விளிம்பில் 'ஃபிலோமினா' என்று பொடி எழுத்தில் வெட்டியிருந்தது. தனி ஆள், ரிடையரான நர்ஸ்.

"சுகந்தி, இன்னைக்கு என்ன டிபன்?"

"உப்புமாதான் சிஸ்டர்."

"போடு இதுல."

சாப்பிட்டு, தட்டைக் கழுவி, சுகந்தியின் அலமாரியிலேயே கவிழ்த்து வைத்தார்.

"சிஸ்டர், உங்க ஹால்ல கூடுதலா இருக்கிறதே ஒரு சாண்."

"இருந்து? முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வராண்டாவுல நடந்தாச்சு. இனிமே எனக்கு நடக்க இடம் எதுக்கு, உக்கார இடம் போதும். தினமும் வருவேன், முகத்தைச் சுளிக்கக் கூடாது."

சுவர் ஒரு சாண் விலகியது. முகிலன் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தான். பாதி வட்டம்கூட வரவில்லை. கால் வைக்கிற தகடு சுவரில் இடித்து நின்றது. இன்னும் ஒரு சாண் வேண்டும். சிஸ்டரைத் தவிர மற்றவர்கள் வந்து பார்த்தார்கள், பாவம் என்றார்கள், போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தன் தட்டைப் பிறத்தியார் அலமாரியில் வைப்பது லேசான காரியம் இல்லை.

தை மாதத்தில் லோகநாதனுக்கு இரண்டாவது பேத்தி பிறந்தது. குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து பாலாடையில் முதல் பால் புகட்டியதும் ஒன்பது சாண் நீண்டிருந்த ஹால் பத்து சாண் நீண்டது. லோகநாதன் ஹாலின் ஒரு கோடியில் உட்கார்ந்து காலிங் பெல்லுக்காகக் காத்திருந்தார். முதல் பேத்தி வந்த அன்றைக்குக் காலை எட்டு மணிக்குள் இருபத்து மூன்று வீட்டுச் சர்க்கரையும் வந்து சமையலறையில் எறும்பு மொய்த்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மத்தியானம் ஆயிற்று. யாரும் வரவில்லை. வராததில் பகை ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஹாலின் மறுகோடியிலிருந்து மனைவி ஏதோ கேட்டார்; அவ்வளவு தூரத்தில் காதில் விழவில்லை.

சாயங்காலம் அவரே இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சொல்லக் கிளம்பினார். கடைசியாகத் தரைத்தளத்துக்கு வந்து சுகந்தி வீட்டு பெல்லை அழுத்தினார். திறந்திருந்த கதவு வழியாக, மேஜை முன்னால் இருந்த முகிலன் பின்னாலேயே உருண்டு வருவது தெரிந்தது. அவன் பின்மண்டை அருகில் வந்தது, கழுத்து பாதி திரும்பியது.

"வாங்கண்ணா. சித்த இருங்க, அக்கா உள்ள இருக்குது."

லோகநாதன் பெட்டியை நீட்டியபடியே நின்றார். அவன் கை பின்பக்கமாக நீண்டு, தடவி, ஒரு லட்டை எடுத்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் பெரிதாக முயற்சி செய்யவும் இல்லை.

சுகந்தி வந்தாள்.

"அம்மிணி, பழசையே போட்டுருங்க."

"நீங்க ஒருத்தர் சொன்னா எப்படிங்ணா? எல்லாரும் கை தூக்கி மாத்துனது. மறுபடி கூட்டம் போட்டுத்தான் கேக்கோணும். அன்னைக்குத் தெரியாம நடந்துச்சு, இன்னைக்குத் தெரிஞ்சே எல்லார்கிட்ட இருந்தும் எடுக்கறதுன்னா, எனக்குக் கை வராதுங்ணா."

அவர் இனிப்புப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சரியாகச் சோற்று நேரத்துக்கு, கையில் ஒரு தட்டோடு வந்தார். நடுவில் கறுத்து, விளிம்பு நெளிந்த தட்டு. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் பெயரும் தேதியும் வெட்டிக் கொடுத்தது. ஃபிலோமினா சிஸ்டர் ஏற்கெனவே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நகர்ந்து இடம் விட்டார்.

"எல்லார் தட்டையும் நான் கேக்க முடியாதுங்கம்மிணி. என் தட்ட நான் தூக்கீட்டு வரலாமில்ல."

"வீட்டுல என்னங்ணா சொன்னாங்க?"

"பேசிக்கலாம். இப்ப அங்க ஆரு என்ன சொன்னாலும் எனக்குக் காது கேக்கறதில்ல. சோறு போடுங்க."

சுகந்தி போட்டாள். மேலே ரசம் ஊற்றினாள். அவர் பிசைந்து முதல் வாயை எடுத்து வைத்தார். மூன்றாம் மாடியில் அவர் வீட்டுச் சுவர் ஒரு சாண் நெருங்கி, தொட்டிலும் டிவியும் கொஞ்சம் பக்கத்தில் வந்தன. கீழே இந்தச் சுவர் ஒரு சாண் விலகி நின்றது. மேஜைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த முகிலன் இரண்டு சக்கரத்திலும் கை வைத்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் தள்ளினான். தகடு எதிலும் இடிக்கவில்லை. அவன் முகம் மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்து லோகநாதனுக்கு நேராக நின்றது.

"ரசம் எப்படி இருக்குதுங்ணா?"

"உப்புப் பத்தலீங் தம்பி."

முகிலன் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, உப்பு" என்றான். திரும்ப லோகநாதன் பக்கம் வந்தான். வேண்டுமென்றே இன்னொரு முறையும் திரும்பினான். சாப்பிட்டு முடித்த லோகநாதன் தட்டைத் தானே கழுவி, துண்டால் துடைத்து, அலமாரியில் சிஸ்டரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்.